நூலகர் சங்கமும் அரசியலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க நூலகச் சங்கத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். தன்னை மார்க்சியர் என்று சொல்லிக்கொண்ட எமிலி டிராபின்ஸ்கி அச்சங்கத்தின் தலைவரானதைக் காரணம் காட்டி, 2023-இல் மொன்டானா மாநில நூலக ஆணையம் அதிலிருந்து விலகியதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். நூலகர் சங்கம் என்றால் ஊதியம், பணி நிலை, பயிற்சி, பகுப்பாக்கம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டால் போதாதா? சமூகப் பிரச்சினைகளில் தீர்மானம் போடப் போய்த்தானே பிளவு வருகிறது? நான் உறுப்பினராக உள்ள சங்கத்திலும் இரண்டு அணிகள் மோதிக்கொண்டதில் பொதுக்குழுவே கூட்டப்படாமல் கிடக்கிறது. சந்தாவைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்வது போல் தொழிலை மட்டும் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நின்ற காலம் ஒன்று அமெரிக்க நூலகச் சங்கத்துக்கும் இருந்தது. அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பதிலிருந்தே என் பதிலைத் தொடங்குகிறேன்.

1936-இல் அச்சங்கத்தின் ஆண்டு மாநாடு வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் கூடியது. கறுப்பின உறுப்பினர்கள் அமர்வுகளில் கலந்துகொள்ளலாம், ஆனால் தங்களுக்கென ஒதுக்கிய இருக்கைகளில்தான் உட்கார வேண்டும், மாநாட்டு விடுதிகளில் தங்கக் கூடாது, விருந்தோடு நடக்கும் கூட்டங்களுக்கு வரக் கூடாது என்று அவர்களுக்கு முன்கூட்டியே கடிதம் போனது. அவர்களும் சந்தா கட்டிய நூலகர்கள்தாம். கண்டனம் எழுந்த பிறகு, இனி மாநாட்டு அரங்குகளில் எல்லா உறுப்பினர்களுக்கும் சம இடம் உண்டு என்று சங்கம் முடிவெடுத்தது. அதன்பின் தென் மாநிலங்களில் மாநாடு கூட இருபது ஆண்டுகள் ஆயின. ஆனால் மாநாட்டு அரங்குக்கு வெளியே, ஊர் நூலகங்களில் நிலவிய இனப்பிரிவினையை அது உள்ளூர்ச் சட்டத்தின் விஷயம் என்று சொல்லிப் பல ஆண்டுகள் தொடாமலே விட்டது. இந்த ஒதுங்கலை நான் நடுநிலை என்று ஏற்கமாட்டேன். கதவை மூடி வைத்திருந்தவர்களுக்கு அது துணை நின்றது.

1961 மார்ச்சில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில், டூகலூ கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேர் முதலில் கறுப்பினத்தவருக்கான கிளை நூலகத்துக்குப் போய், அங்கே கிடைக்காது என்று தெரிந்த நூல்களைக் கேட்டார்கள். பிறகு வெள்ளையருக்கான தலைமை நூலகத்துக்குப் போய், நூல்களை எடுத்து மேசைகளில் அமர்ந்து படித்தார்கள். காவல் துறையினர் வந்து கலைந்து போகச் சொல்லியும் அவர்கள் எழாததால் கைதானார்கள். இனம், சமயம், அரசியல் கருத்து ஆகியவற்றைக் காட்டி யாருக்கும் நூலகத்தை மறுக்கக் கூடாது என்ற வரியைச் சங்கம் தன் நூலக உரிமைச் சாசனத்தில் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் சேர்த்திருந்தது. அந்தச் சாசனமோ 1939-லேயே நிறைவேறியது. ஒரு வரிக்கு இருபத்திரண்டு ஆண்டுகள்!

அந்த வரியைச் செயலுக்குக் கொண்டுவந்தது உட்பூசல் என்று நீங்கள் வருந்துகிற அதே வகை மோதல்தான். எல்லா உறுப்பினர்களுக்கும் சம உரிமை என்ற நிபந்தனையை ஏற்காமல் தென் மாநிலச் சங்கங்கள் சில தாய்ச் சங்கத்தின் கிளைத் தகுதியை இழந்தன. மிசிசிப்பியும் அவற்றில் ஒன்று. ஆனால் 1964-இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில், தேசிய நூலக வாரத்தைச் சிறப்பாக நடத்தியதற்காக அதே மிசிசிப்பிச் சங்கத்துக்குப் பாராட்டு வாசிக்கப்பட்டது. ஜார்ஜியாவின் சவான்னா அரசுக் கல்லூரியின் கறுப்பின நூலகர் ஈ. ஜே. ஜோசி அதை எதிர்த்து எழுந்தார். அவருடைய சொந்த மாநிலச் சங்கமே அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாத நேரம் அது. கிளைத் தகுதி இல்லாத மாநிலச் சங்கங்களின் கூட்டங்களுக்குத் தாய்ச் சங்கத்தின் பொறுப்பாளர்களோ ஊழியர்களோ பதவி முறையில், சங்கச் செலவில் போகக் கூடாது என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டே ஜார்ஜியா சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பயணப்படியை நிறுத்தும் ஒரு நடைமுறைத் தீர்மானம் அத்தனை காலம் பேசிய நல்லெண்ணத்தைவிட அதிகம் சாதித்தது. எனக்கு இந்தப் பகுதி மீண்டும் மீண்டும் நினைவுக்கு வரும்.

உங்கள் தரப்புக்கும் அங்கே வலுவான குரல் இருந்திருக்கிறது. 1969-இல் சமூகப் பொறுப்புக்கான வட்டம் சங்கத்துக்குள்ளேயே உருவாகி, வியட்நாம் போர் வரைக்கும் தீர்மானங்கள் கேட்கத் தொடங்கியபோது, நூலகவியல் பேராசிரியர் டேவிட் பெர்னிங்ஹாசன் 1972-இல் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். போரைப் பற்றிச் சங்கம் ஒரு நிலை எடுத்துவிட்டால், போரை ஆதரிக்கும் நூலையும் எதிர்க்கும் நூலையும் ஒரே அலமாரியில் வைக்கும் தகுதியை நூலகர் இழந்துவிடுவார் என்ற அவருடைய அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். நூல் தேர்வில் நூலகர் தன் கட்சியைக் கொண்டுவரக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் யார் உள்ளே வரலாம், யார் அங்கே வேலை செய்யலாம், எந்த நூல் யாருடைய மிரட்டலால் அலமாரியிலிருந்து நீக்கப்படுகிறது என்பவை வெளியிலிருந்து வந்த அரசியல் அல்ல. நூலகத் தொழிலே அவைதான். ஆகவே ஒவ்வொரு தீர்மானத்திடமும் நான் கேட்பது ஒன்றுதான்: இது நூலகத்தின் வாசலையும் அலமாரியையும் தொடுகிறதா? வியட்நாம் தீர்மானம் இந்தக் கேள்வியில் தடுமாறும். ஜோசியின் தீர்மானம் தடுமாறாது.

சங்கம் தவறான முடிவெடுத்தால் என்ன செய்வது என்பதற்கும் அண்மை எடுத்துக்காட்டு உண்டு. நூலகக் கூட்ட அறைகளை வெறுப்புப் பிரச்சாரக் குழுக்களுக்கும் மறுக்க முடியாது என்ற வாசகம் அடங்கிய விளக்கக் குறிப்பை 2018 ஜூனில் அச்சங்கத்தின் ஆட்சிப் பேரவை ஏற்றது. உறுப்பினர்கள் கொதித்தெழுந்ததால் ஆகஸ்டில் அதே பேரவை அதை ரத்துசெய்தது. அந்த விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது, அதைத் திருத்திக்கொள்ள ஒரு பேரவையும் ஒரு வாக்கெடுப்பும் இருந்தன என்பது.

உங்கள் சங்கத்தில் இல்லாமல் போனதும் அதுதான். இரண்டு அணிகள் இருப்பதைவிட, அவை மோதிக்கொள்ளப் பொதுக்குழு இல்லாததே கேடு. ஜோசி தன்னைச் சேர்க்காத அமைப்பை விட்டு விலகிப் போகாமல் விதிகளின் வழியே போராடினார்; 1984-இல் தேசியச் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். ஆகவே சந்தாவைப் புதுப்பியுங்கள். உங்கள் சங்க விதிகளில் பொதுக்குழுவைக் கூட்டக் கோரும் பிரிவைத் தேடி எடுத்து, அதற்குத் தேவையான உறுப்பினர்களின் கையொப்பங்களோடு செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். நிகழ்ச்சி நிரலில் கணக்கு வாசிப்பதை முதலில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்ததாக, உங்கள் பகுதியில் பூட்டிக் கிடக்கும் ஊர்ப்புற நூலகங்களின் பட்டியலை வையுங்கள். அதைப் பற்றி இரண்டு அணிகளும் என்ன சொல்கின்றன என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்