கலே அணியும் கலை அணியும்

கேள்வி: 2000ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கோப்பைக் கால்பந்தில் கலே என்ற ஊரின் நான்காம் பிரிவு அணி இறுதிப் போட்டி வரை வந்ததே! புதுச்சேரி பிரான்சோடு இருந்திருந்தால் நம் ஊர் அணி ஒன்றும் அப்படி வந்திருக்குமா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: 'கலே' என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. அந்த ஒரு சொல்லால் கால் நூற்றாண்டுக்கு முன் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அரையிறுதியில் கலே, பிரெஞ்சு லீக்கின் நடப்புச் சாம்பியன் போர்தோவைக் கூடுதல் நேரத்தில் 3–1 என்று வீழ்த்திய வாரம் அது. கால் பக்கச் செய்தி ஒன்று எழுதிக் கொடுத்தேன். திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் அச்சடித்த இடத்தில் ஒரு பிழைதிருத்துபவர் இருந்தார். தமிழில் இல்லாத சொல் தன் மேசையைத் தாண்டக் கூடாது என்பது அவர் விரதம். இரட்டைக் கொம்பை அடித்துவிட்டுச் சங்கிலிக் கொம்பு போட்டார். சிவப்பு மையில், ஆறு இடத்தில், ஒன்றைக்கூட விடாமல். 'சாம்பியனை வீழ்த்தியது கலை அணி!' என்று இதழ் வெளிவந்தது.

விருத்தாசலத்திலிருந்து ஒருவர், எந்தக் கட்சியின் கலை அணி என்று கேட்டிருந்தார். கலை அணியே இந்தப் போடு போட்டால் இளைஞர் அணி எங்கே போயிற்று என்றார் பண்ருட்டிக்காரர். மகளிர் அணியையும் இறக்கினால் கோப்பை நிச்சயம் என்று நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை யோசனை சொன்னது. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, வெற்றி விழா என்றைக்கு, மேடையில் தனக்கு நாற்காலி உண்டா என்று விசாரித்தார். இறுதிப் போட்டியில் தோற்றதும் பிழைதிருத்துபவரே எனக்கு ஆறுதல் சொன்னார்: "கூட்டணி சரியில்லை, சார்."

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். புதுச்சேரியிலிருந்து ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுதிய கடிதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. "பிரெஞ்சுக்காரன் கடைசி எழுத்தை விழுங்குவான். நீங்கள் ஊரையே விழுங்கிவிட்டீர்கள். பிரெஞ்சுக் கோப்பையைப் பற்றிக் கடலூர்க்காரருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டு, சந்தாவையும் நிறுத்திவிட்டார்.

என்ன தெரியுமா? எங்கள் தேவனாம்பட்டினத்தில் கோட்டை வைத்திருந்தது ஆங்கிலேயன். தோற்றால் வெளியே என்கிற இந்தக் கோப்பை ஆட்டத்தை 1871இலேயே தொடங்கியவனும் அவன்தான். உங்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த யோசனை வர 1917 ஆயிற்று. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து எங்கள் கோட்டையைப் பிடித்து இடித்தது வேறு கதை. அதை இங்கே இழுக்காதீர்கள்.

கேள்விக்கு வருகிறேன். இறுதிக்கு வந்திருக்குமா என்று ஜோசியம் சொல்ல மாட்டேன். உள்ளே நுழைந்திருக்கும், அவ்வளவுதான். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் பெயர் கொடுக்கிற கோப்பை அது. கடல் கடந்த பகுதிகளுக்கும் அதில் இடம் உண்டு. 2020 ஜனவரியில் ரீயூனியன் தீவின் சேன் பியேர் அணி, ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்துபோய், இரண்டாம் பிரிவு அணியான நியோரை 2–1 என்று தோற்கடித்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த தீவு அது. நம் டூரண்ட் கோப்பை 1888இலேயே பிறந்தது. வயதில் மூத்தது என்ன பயன்? கல்யாணப் பத்திரிகை மாதிரி அழைப்பு வந்தால்தான் போக முடியும். மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஆடுகிற பையன்களுக்கு யார் பத்திரிகை வைக்கப் போகிறார்கள்?

இறுதிப் போட்டியைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மே 7. முதல் பாதியில் கலே முன்னிலை. பிற்பாதியில் எதிரணி நான்த் சமன் செய்தது. 90ஆவது நிமிடத்தில் ஒரு பெனால்டி, 2–1, முடிந்தது கதை. அது பெனால்டியே இல்லை என்பது என் கட்சி. இதில் எந்த அணியோடும் கூட்டணி கிடையாது. நான்த் அணித்தலைவர் லாந்ரோவுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். கோப்பையைத் தூக்கும்போது கலே அணித்தலைவர் பெக்கையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஒரே கோப்பை, இரண்டு சட்டை நிறம்.

கலே சங்கம் கடனில் மூழ்கி 2017இல் கலைக்கப்பட்டது. ('கலைக்கப்பட்டது' சரியான சொல்தான், யாரும் கை வைக்க வேண்டாம்.) சாம்பியனாக இருந்த போர்தோவும் 2024இல் பணமில்லாமல் அதே நான்காம் பிரிவுக்கு வந்து சேர்ந்தது.

ஐயா, ஓர் உதவி. இந்த இதழோடு ஒரு சந்தாப் படிவம் வைத்திருக்கிறேன். அந்தச் சொல்தாவை உங்கள் பக்கம் எங்காவது பார்த்தால் கொடுங்கள். பழைய சந்தாத் தொகைக்கே தருகிறேன்.