ஆஸ்திரேலியாவில் ட்ரவுட் மீன் எப்படி வந்தது?

கப்பலில், முட்டையாக வந்தது. 1861-இல் மெல்போர்னில் ‘அக்ளைமடைசேஷன் சொசைட்டி’ என்றொரு சங்கம் தொடங்கினார்கள். பத்திரிகை நடத்திய எட்வர்ட் வில்சன் இதில் முன்னணியில் நின்றவர். பயன்படும், அழகான உயிர்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பழக்குவதுதான் நோக்கம். பூச்சிகளைத் தின்னும் என்று நம்மூர் மைனாவையும் கொண்டுபோனார்கள்.

அவர்கள் பெரிதும் ஆசைப்பட்டது சால்மன் மீனுக்குத்தான். ஆனால் இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் வெப்பமண்டலக் கடலைத் தாண்டுவதற்குள் முட்டைகள் செத்துவிடும். பல தோல்விகளுக்குப் பிறகு ஜேம்ஸ் யூல் என்பவர் வழி கண்டார். ஈரப்பாசியில் முட்டைகளை வைத்து, பனிக்கட்டியால் குளிரூட்டினால் பொரிப்பது தள்ளிப்போகும். 1864-இல் ‘நார்ஃபோக்’ கப்பலில் அப்படித்தான் முட்டைகள் உயிரோடு வந்தன. பெரும்பகுதி, தெற்கே உள்ள தீவான டாஸ்மேனியாவின் பிளென்டி ஆற்றங்கரைப் பொரிப்பகத்துக்குப் போனது.

சரி, சால்மன் என்ன ஆனது? கடலுக்குப் போனவை முட்டையிட ஆற்றுக்குத் திரும்பவே இல்லை. கூடவே கொஞ்சமாக வந்த பழுப்பு ட்ரவுட்தான் நிலைத்தது. தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கோ அந்த ஆறுகளின் ‘கேலக்ஸியாஸ்’ மீன்களை நினைத்தால் வருத்தம்தான். விரல் நீளச் சிறுமீன்கள் அவை. அவற்றைத் தின்னும் ட்ரவுட் புகுந்த பல ஓடைகளில் அவை இன்று இல்லை.