மீட்டர்தான் ஸ்மார்ட்டாயிற்றே, அப்புறம் ஏன் அக்கவுண்ட் நம்பர் கேட்கிறார்கள்?

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்:

“வணக்கம் ஐயா. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் மாற்றிவிட்டார்கள். ஆனால் மின்சார நிறுவனத்தின் ஆப்பைத் திறந்தால் நேற்று வரைக்கும்தான் கணக்கு காட்டுகிறது. போன மாதம் ராத்திரி கரண்ட் போனபோது அவர்களுடைய புகார் எண் 15454-க்கு அடித்தேன். அக்கவுண்ட் நம்பர் என்ன, பக்கத்து வீட்டில் லைட் எரிகிறதா என்று கேட்டார்கள். மீட்டரும் அவர்களுடையது, கம்பியும் அவர்களுடையது, அவர்களுக்கே தெரியாதா? இன்னொன்று. என் மகனுக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். பகலில் ஏர்கான் போட்டுத்தான் தூங்குவான். நேரத்துக்கு ஒரு கட்டணம் என்கிறார்களே, அந்தத் திட்டத்துக்கு நாங்கள் மாறலாமா?”

டீச்சர், ‘அவர்கள்’ என்று நீங்கள் சொல்கிற அந்த ஒரே ஆள் எந்த மின்சார நிறுவனத்துக்குள்ளும் கிடையாது. பில்லில் ஒரு பெயர்தான் இருக்கும். உள்ளே இருக்கும் கணினிகளோ இரண்டு கட்சி. ஒன்று கம்பியைப் பார்க்கிற கட்சி, இன்னொன்று காசைப் பார்க்கிற கட்சி. இரண்டும் ஒன்றோடொன்று தாராளமாகப் பேசிக்கொள்ளக் கூடாது என்று வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

முதலில் கம்பிப் பக்கம். தீபகற்ப மலேசியாவில் 500, 275, 132 கிலோவோல்ட் என்று பெரிய கம்பிகள் நாடு முழுக்க ஓடுகின்றன. அவை வந்து சேரும் சப்ஸ்டேஷன்களில் ஒவ்வொரு பிரேக்கரையும், அதாவது மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பெரிய சுவிட்சையும், ஒரு சின்னக் கணினி கண்காணிக்கிறது. பிரேக்கர் திறந்தால் சில நொடிகளில் கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரிந்துவிடும். அங்கிருந்தே அதை மூடவும் திறக்கவும் முடியும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஸ்காடா. நெடுஞ்சாலையில் போகும்போது உயர்ந்த மின்கோபுரங்களின் உச்சியில் மெல்லிய கம்பி ஒன்று தனியாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மின்சாரம் அனுப்புவதில்லை. அது இடிதாங்கும் கம்பி, பல இடங்களில் அதன் வயிற்றுக்குள் ஃபைபர் இழைகள் இருக்கும். சப்ஸ்டேஷன் செய்திகள் அந்த வழியாகத்தான் போகின்றன. வெளி டெலிகாம் நிறுவனத்தை நம்பாமல் சொந்தமாகவே பாதை போட்டுக்கொண்டார்கள். நாடே இருட்டாகும் நேரத்தில் கைபேசிக் கோபுரமும் பேட்டரியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அல்லவா? 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி தீபகற்பம் முழுக்க கரண்ட் போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்படி ஒரு நாளில் கட்டுப்பாட்டு அறைக்குக் கண்ணும் காதும் இருந்தே ஆக வேண்டும்.

காசுப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த பக்கம்தான். அக்கவுண்ட், பில், ஆப், கவுண்டர், கால் சென்டர், அப்புறம் ஸ்டோரில் எத்தனை டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, எந்தக் குத்தகைக்காரருக்கு எவ்வளவு பாக்கி, ஊழியர் சம்பளம் எல்லாம். இது ஒரு வங்கியிலோ பெரிய சூப்பர் மார்க்கெட்டிலோ இருக்கும் கணினித் துறையைப் போன்றதுதான், அளவு மட்டும் பெரிது.

இரண்டு பக்கத்துக்கும் குணமே வேறு. காசுப் பக்கத்தில் மென்பொருளுக்குப் பாதுகாப்பு அப்டேட் வந்தால் அன்று ராத்திரியே போட்டு, சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடுவார்கள். கம்பிப் பக்கத்துப் பொறியாளரிடம் போய் ‘ஒரு ரீஸ்டார்ட்’ என்று சொல்லிப் பாருங்கள், காப்பி வாங்கித் தந்து திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்கு ஒரு பிரேக்கர் தப்பான நேரத்தில் திறப்பது என்பது ஒரு ஆஸ்பத்திரி இருட்டாவது. அதனால் அங்கே எல்லாமே சோதித்து, தேதி குறித்து, மெதுவாகத்தான் நடக்கும். பதினைந்து வருஷத்துக் கருவி ஒழுங்காக வேலை செய்தால் அதைத் தொடமாட்டார்கள். ஐடி ஆட்கள் இதைப் பிடிவாதம் என்பார்கள். பாதி நேரம் அது பிடிவாதம்தான். மீதி நேரம் அதனால்தான் நமக்கு விளக்கு எரிகிறது.

பிரித்து வைத்ததற்குப் பெரிய காரணம் பாதுகாப்பு. 2015 டிசம்பர் 23-ஆம் தேதி உக்ரைனில் நடந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கமாட்டார்கள். மின்விநியோக நிறுவனங்களின் அலுவலக ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. திறந்தார்கள். அவ்வளவுதான், அலுவலகக் கணினிக்குள் ஆள் நுழைந்தாயிற்று. பல மாதம் சத்தமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்து, கட்டுப்பாட்டு அறைக்குள் போகும் கடவுச்சொற்களைச் சேகரித்தார்கள். குறித்த நாளில் வெளியிலிருந்தபடியே பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் திரையில் மவுஸ் தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. புகார் சொல்ல முடியாதபடி கால் சென்டருக்குப் பொய் அழைப்புகளையும் கொட்டினார்கள். கடைசியில் ஆட்கள் வண்டி எடுத்துப்போய்க் கையாலேயே பிரேக்கரைப் போட்டுத்தான் மின்சாரம் திரும்பியது.

ஆகவே இரண்டு பக்கத்துக்கும் நடுவில் சுவர். தகவல் கம்பிப் பக்கத்திலிருந்து காசுப் பக்கத்துக்கு வரலாம், அதுவும் நடுவில் ஓர் இடைத்தளத்தில் இறக்கிவைத்துத்தான். திரும்பிப் போவது மிகவும் கடினம். இங்கே 2024-இல் வந்த சைபர் பாதுகாப்புச் சட்டம் எரிசக்தித் துறையை முக்கியத் தகவல் கட்டமைப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. பாதுகாப்பு ஆய்வு செய்வதும், ஊடுருவல் நடந்தால் அரசுக்குச் சொல்வதும் இப்போது சட்டக் கடமை.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருப்பதுதான் உங்கள் ஸ்மார்ட் மீட்டர்.

பழைய மீட்டர் மாதத்துக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் தந்தது. மீட்டர் பார்ப்பவர் வந்து, கைக்கருவியில் தட்டி, அங்கேயே பில்லை அச்சடித்துப் பெட்டியில் செருகிவிட்டுப் போவார். புது மீட்டர் அரை மணிக்கு ஒரு முறை குறித்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 48 பதிவு. பத்து லட்சம் மீட்டர் என்றால் தினமும் 4 கோடியே 80 லட்சம் பதிவு. இவை ரேடியோ அலையிலோ, மின்கம்பி வழியாகவோ, கைபேசி வலைப்பின்னல் வழியாகவோ வந்து சேர வேண்டும். மலைப்பாங்கான இடம், அடுக்குமாடியின் கீழ்த்தளத்து மீட்டர் அறை என்றால் சில பதிவுகள் தாமதிக்கும், சில வந்தே சேராது.

வந்ததை அப்படியே பில் போடுவதில்லை. மீட்டர் தரவுக்கென்றே நடுவில் ஒரு தனி மென்பொருள் உட்கார்ந்து சலிக்கும். பதிவு விடுபட்டிருக்கிறதா, எண் திடீரென்று பின்னோக்கிப் போகிறதா, மூடிக்கிடக்கும் வீட்டில் ஏன் இவ்வளவு ஓடுகிறது என்றெல்லாம் பார்க்கும். விடுபட்ட அரை மணிகளை மீட்டரிடம் திரும்பக் கேட்கும். கிடைக்காவிட்டால் முன்பின் பதிவுகளை வைத்து மதிப்பிடும். இத்தனையும் முடிந்த பிறகுதான் ஆப்புக்கு வரும். ஆப்பில் நேற்று வரைதான் தெரிவது இதனால்தான். நான் இதைக் குறையாகச் சொல்லமாட்டேன். சலிக்காத எண்ணை உடனுக்குடன் காட்டி, மறுநாள் மாற்றினால் நீங்களே 15454-க்கு அடித்துச் சண்டை போடுவீர்கள்!

ஆப்பில் தினக்கணக்கைக் கூட்டினால் பில்லோடு ஒன்றிரண்டு யூனிட் உதைக்கலாம். பொதுவாக பில் என்பது மீட்டரின் மொத்த எண், அதாவது இந்த மாத எண் கழித்தல் போன மாத எண். சந்தேகம் வந்தால் மீட்டர் முன்னால் நின்று திரையைப் பாருங்கள். எண்கள் மாறி மாறி ஓடும். பல மீட்டர்களில் மூலையில் 1.8.0 என்று குறியீடு வரும்போது காட்டுவதுதான் நீங்கள் இதுவரை வாங்கிய மொத்த யூனிட். கூரையில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு 2.8.0 என்று இன்னொன்று வரும், அது வெளியே அனுப்பியது. பில்லில் அச்சடித்த எண்ணைவிட இப்போதைய 1.8.0 குறைவாக இருந்தால் தாராளமாகப் புகார் கொடுங்கள், கைபேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கரண்ட் போன கதைக்கு வருவோம். ஸ்காடா பெரிய கம்பிகளைப் பார்க்கும், 33 கிலோவோல்ட், 11 கிலோவோல்ட் சப்ஸ்டேஷன்கள் பலவற்றையும் பார்க்கும். ஆனால் உங்கள் தாமான் மூலையில் இருக்கும் பென்சாவாங்கில் (சின்ன சப்ஸ்டேஷனில்) 11 கிலோவோல்ட் இறங்கி, வீட்டு மின்சாரமாகிப் புறப்பட்ட பிறகு கதை வேறு. ரோட்டோரத்துச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி, ஃபீடர் பில்லர் என்பார்கள், அதற்குள் ஒரு ஃபியூஸ் போனால் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்காது. உலகம் முழுக்க இந்தக் கடைசி முந்நூறு மீட்டர்தான் மின்சார நிறுவனங்களின் குருட்டு இடம்.

மீட்டர் சொல்லாதா என்றால், சொல்லும். மின்சாரம் நிற்கும் கணத்தில் உள்ளே மிச்சமிருக்கும் துளி சக்தியில் ‘எனக்கு வரவில்லை’ என்று ஒரு கடைசிச் செய்தி அனுப்பும் வசதி பல ஸ்மார்ட் மீட்டர்களில் உண்டு. ஆனால் ரேடியோவில் பேசும் மீட்டர்கள் பக்கத்து மீட்டர் வழியாகத்தான் செய்தியைக் கடத்துகின்றன. பக்கத்து மீட்டரும் அதே கணத்தில் இருட்டில்தானே இருக்கிறது? பாதிச் செய்தி வழியிலேயே காணாமல் போகும். ஆகையால் அதைத் துப்பாக எடுத்துக்கொள்வார்களே தவிர, அதை மட்டுமே நம்பி ஆள் அனுப்பமாட்டார்கள்.

அக்கவுண்ட் நம்பர் கேட்டதும் அதனால்தான். அந்த நம்பர் தெரிந்தால் வீடு எந்த ஃபீடர் பில்லர், எந்த டிரான்ஸ்ஃபார்மர், எந்த 11 கிலோவோல்ட் கேபிள் என்று வரைபடத்தில் பிடிக்கலாம். மூன்று நான்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், மின்தடை மென்பொருள் அவற்றுக்குப் பொதுவாக மேலே எது இருக்கிறது என்று பார்த்து, பழுது அங்கேதான் என்று ஊகிக்கும். அதனால் ‘பக்கத்து வீட்டு அங்கிள் அடித்துவிட்டார், நமக்கெதுக்கு’ என்று இருக்காதீர்கள். நீங்களும் அடித்தால் ஊகம் கூர்மையாகும்.

பக்கத்து வீட்டு லைட்டைக் கேட்டதும் வெட்டிப் பேச்சில்லை. தெருவுக்கு மூன்று ஃபேஸ், அதாவது மூன்று தனி மின்வழி வருகிறது, ஒற்றை ஃபேஸ் வீடுகளை மாற்றி மாற்றி அவற்றில் கோத்திருப்பார்கள். உங்கள் வீடு மட்டும் இருட்டு என்றால் முதலில் வீட்டுக்குள் இருக்கும் டிபி பெட்டியை (சுவிட்சுகள் உள்ள மின்பெட்டியை) திறந்து, ட்ரிப் ஆகியிருக்கிறதா பாருங்கள். வரிசையில் இரண்டு வீடு விட்டு ஒரு வீடு இருட்டு என்றால் ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். வரிசை முழுக்க என்றால் ஃபீடர் பில்லரோ கேபிளோ, தாமான் முழுக்க என்றால் அதற்கும் மேலே. அடுத்த முறை போனில் இதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், சரியான ஆளும் சரியான ஃபியூஸும் முதல் வண்டியிலேயே வர வாய்ப்பு அதிகம்.

ஒரு மின்சார நிறுவனத்தின் கணினி வேலையில் எது கடினம் என்று என்னைக் கேட்டால், ஆப்பும் இல்லை, செயற்கை நுண்ணறிவும் இல்லை, இந்த வரைபடம்தான் என்பேன். கேபிள் பழுதானால் குழுவினர் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உங்கள் தெருவுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுப் போவார்கள். விடிந்ததும் யாராவது அதைக் கணினியில் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்த மின்தடையில் மென்பொருள் முழு நம்பிக்கையோடு தப்பான தெருவைக் காட்டும். எத்தனை கோடி செலவழித்து மென்பொருள் வாங்கினாலும், சேற்றுக் காலோடு நிற்கும் அந்த டெக்னீஷியன் கைக்கணினியில் நாலு பெட்டியை ஒழுங்காக நிரப்பினால்தான் உண்டு.

கடைசியாக உங்கள் மகனின் ஏர்கான். 2025 ஜூலை 1 முதல் பில் அமைப்பே மாறிவிட்டது. எரிசக்தி, கொள்ளளவு, வலைப்பின்னல், சில்லறை என்று கட்டணம் தனித்தனியாக வருகிறது. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் விரும்பினால் நேர அடிப்படைக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம். அரை மணிப் பதிவு இருப்பதால்தான் இது முடிகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 மணி முதல் இரவு 10 வரை உச்ச நேரம். மற்ற நேரமும் சனி ஞாயிறும் மலிவு. யூனிட்டுக்குச் சில சென் வித்தியாசம்தான், பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள்.

மகன் காலை 8 மணிக்குத் தூங்கி 3 மணிக்கு எழுந்தால், ஏழு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் மலிவு நேரத்திலேயே வருகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை, அவர்கள் வேலை முடிந்து வந்து ஏர்கான் போடுவதே உச்ச நேரத்தில்தான். உங்களைக் கவிழ்க்கக்கூடியது சாயங்காலம்: இஸ்திரி, வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், ஹாலில் இன்னொரு ஏர்கான்.

ஆப்பை நம்பி உட்கார வேண்டாம். இரண்டு வாரம், வேலை நாட்களில் மதியம் 2 மணிக்கு ஒரு தடவை, இரவு 10 மணிக்கு ஒரு தடவை 1.8.0 எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மதியம் மகன் தூங்கிக்கொண்டிருப்பான், நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டையும் கழித்தால் அன்றைய உச்ச நேரச் செலவு, எல்லா நாளுக்கும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வார மொத்தத்தில் அது பாதிக்குக் கீழே இருந்தால் விண்ணப்பியுங்கள். மூன்றில் இரண்டு பங்கை நெருங்கினால் இப்போதிருக்கும் கட்டணத்திலேயே இருங்கள். நடுவில் வந்தால் வாஷிங் மெஷினைக் காலைக்கு மாற்றிவிட்டு, இன்னொரு இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்.