இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரை எடுத்துவிட்டுச் சொந்த ரவுட்டர் வைத்தால் வீட்டு லேண்ட்லைன் வேலை செய்யுமா?

வேலை செய்யும், பழைய பெட்டியை எடுக்காமல் இருந்தால். ஃபைபர் இணைப்பு, அதே பெட்டியின் பின்னால் செருகிய வீட்டுத் தொலைபேசி, புதிதாக வாங்கிய ரவுட்டர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மும்பை மாதுங்காவில் எங்கள் வீட்டில் இதே வேலையில் இறங்கி, இரண்டு நாள் போனை ஊமையாக்கி, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

எங்கள் கட்டடம் பழையது. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். நிறுவனத்தின் பெட்டியை வாசற்கதவுக்கு மேலே அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அங்கிருந்து கிளம்பும் வைஃபை சமையலறையை எட்டுவதற்குள் செத்துவிடும். நல்ல ரவுட்டர் ஒன்று வாங்கி, முக்காலி போட்டு ஏறி, பச்சைத் தலையுள்ள ஃபைபர் இழையைப் பிடுங்கிய பிறகுதான் கவனித்தேன்: புதிய ரவுட்டரில் அதைச் செருக ஓட்டையே இல்லை. நெட்வொர்க் கேபிளுக்கான சதுர ஓட்டைகள் மட்டுமே இருந்தன. முக்காலியிலிருந்து இறங்கிவிட்டேன்.

‘ரவுட்டர்’ என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டிக்குள் மூன்று ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒருவர் ஃபைபரில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுபவர். ஓஎன்டி என்பது இவரைத்தான். தொலைபேசி நிலையத்தில் உள்ள கருவி இவரை வரிசை எண்ணை வைத்தே அடையாளம் காண்கிறது. இரண்டாமவர் தொலைபேசிக்காரர். மூன்றாமவர்தான் வைஃபை பரப்பி, வீட்டிலுள்ள கருவிகளுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர். நம் கோபம் மூன்றாமவர் மேல். அவருக்காக மூன்று பேரையும் சேர்த்து வீட்டை விட்டு வெளியேற்றுவதுதான் நான் செய்யப் போன காரியம்.

தொலைபேசிக்காரரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்த பிறகு, லேண்ட்லைன் பேச்சும் இணையத் தகவலைப் போலவே துண்டு துண்டாகத்தான் பயணிக்கிறது. எஸ்ஐபி என்ற முறையில் பெட்டி நிறுவனத்தின் சர்வரில் உங்கள் எண்ணைப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறது. அதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டிக்குள் நிறுவனமே எழுதி வைத்தவை. கேட்டாலும் பெரும்பாலும் தர மாட்டார்கள். ஆகவே சொந்தமாக ஓஎன்டி வாங்கி மாட்டி, நிறுவனத்தில் சொல்லி வரிசை எண்ணைப் பதிவு செய்ய வைத்தாலும்கூட, இணையம் வரும், போன் வராது. எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால், 2011 முதல் நாடு முழுவதும் மொபைல் எண்ணுக்குக் கிடைக்கும் அந்த வசதி லேண்ட்லைனுக்கு வரவில்லை. ஊரில் உள்ள அத்தை, சித்தி எல்லோருடைய டைரியிலும் 022 என்று தொடங்கும் எங்கள் எண்தான் இருக்கிறது. அதை இழக்க அம்மா சம்மதிக்க மாட்டார்.

எளிய வழி இது. பழைய பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். போன் வயரும் அதிலேயே இருக்கட்டும். அதன் லேன் ஓட்டையிலிருந்து (நெட்வொர்க் கேபிள் செருகும் ஓட்டை) ஒரு கேபிளைப் புதிய ரவுட்டருக்கு இழுத்து, புதியதை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ நிலையில், அதாவது வைஃபை பரப்பும் வேலையை மட்டும் செய்யும்படி, வையுங்கள். பிறகு பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். பழைய வைஃபைக்கு இருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே புதியதற்கும் கொடுத்தால், டிவியிலும் மொபைல்களிலும் ஒவ்வொன்றாகப் போய் மீண்டும் தட்ட வேண்டியதில்லை. நிறுவனத்தில் யாரையும் கூப்பிட வேண்டாம், போனுக்கு ஆபத்தும் இல்லை. பத்தில் ஒன்பது வீடுகளுக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு.

நான் அந்த ஒன்பதில் நிற்கவில்லை. புதிய ரவுட்டரை ரவுட்டராகவே ஓட்ட ஆசை. அப்படிச் செய்தால் வீட்டுக் கருவிகளின் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலையை இரண்டு பெட்டிகளும் செய்யும். வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பது போன்றவை தகராறு செய்யும். இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்துவிட்டால் வெறும் இணையம்கூட வராது. இதற்கு மருந்து பழைய பெட்டியைப் ‘பிரிட்ஜ்’ நிலைக்கு மாற்றுவது; அதாவது, அது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணையத்தை அப்படியே புதியதற்குக் கடத்திவிடும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன், தூரத்திலிருந்தே மாற்றிக் கொடுத்தார்கள். புதிய ரவுட்டரில் இணையத்துக்குள் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரைப் போட்டதும் இணையம் பறந்தது. போனை எடுத்தால் டயல் டோன் இல்லை. ‘தொலைபேசி’ விளக்கும் அணைந்திருந்தது.

நடந்தது என்னவென்றால், அந்தப் பெட்டிக்குள் இணையத்துக்கு ஒரு தடமும் பேச்சுக்குத் தனியாக ஒரு தடமும் இருக்கின்றன. பிரிட்ஜ் ஆக வேண்டியது முதல் தடம் மட்டும். அவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பிரிட்ஜ் தடம் ஒன்றை மட்டும் எழுதியிருந்தார்கள். நீங்கள் கேட்கும்போது, “இணையத்தை மட்டும் பிரிட்ஜ் செய்யுங்கள், பேச்சுக்கான அமைப்பைத் தொடாதீர்கள்” என்று அழுத்திச் சொல்லுங்கள். பெட்டியின் அமைப்புப் பக்கங்களை முன்பே மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு என்றதும் பின்னூசியால் ‘ரீசெட்’ ஓட்டையைக் குத்தத் தோன்றும், குத்தாதீர்கள். சில பெட்டிகள் தானே எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளும், சில ஆள் வரும்வரை வெறும் பிளாஸ்டிக்தான்.

மூன்றாம் நாள் ஓர் இளைஞர் வந்தார். பேச்சுத் தடத்தை எழுதிவிட்டு, அம்மாவை “ஆயி” என்று அழைத்து, தன் மொபைலிலிருந்து மணி அடித்துக் காட்டினார். அவர் படி இறங்கியதும் லேண்ட்லைனிலிருந்து என் மொபைலுக்கு நான் அழைத்துப் பார்த்தேன், போகவில்லை. அவரை மறுபடி மாடி ஏற வைத்த பிறகுதான் தெரிந்தது, முன்னால் சைபர் (0) போட மறந்திருக்கிறேன். 2021 ஜனவரியிலிருந்து லேண்ட்லைனில் மொபைலை அழைக்க அது கட்டாயம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அம்மா சொன்னார்.

வேகத்தில் ஒரு பொறி இருக்கிறது. மலிவான ஓஎன்டிகளில் எல்லா லேன் ஓட்டைகளும் ஒன்றல்ல. ஒன்று மட்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றவை 100 எம்பிபிஎஸ் வரைதான். எங்களுடையது 200 எம்பிபிஎஸ் திட்டம். புதிய ரவுட்டரில் 94-ஐத் தாண்டவே இல்லை. ரவுட்டர் கடைக்காரரை இரண்டு நாள் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கேபிளைப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

படுக்கையறையிலும் ஒரு போன் வேண்டும் என்று, சுவருக்குள் ஓடும் பழைய தொலைபேசி வயரோடு பெட்டியின் போன் ஓட்டையை இணைக்க நினைப்பவர்கள், முதலில் வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியைத் துண்டித்துவிடுங்கள். அதில் இன்னும் தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் இருந்தால் பெட்டி போய்விடும்.

அந்த 48 வோல்ட்டின் தயவில்தான் முன்பு மின்சாரம் போனாலும் லேண்ட்லைன் பேசியது. ஃபைபரில் அது கிடையாது. பெட்டி அணைந்தால் போனும் அணையும். ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். எங்களுடையது 12 வோல்ட். அதைப் புதிய ரவுட்டருக்குக் கொடுக்காமல் பழைய பெட்டிக்குக் கொடுத்தேன். சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை, வைஃபையும் இல்லை. அம்மா இருட்டில் உட்கார்ந்து அத்தையோடு பேசிக்கொண்டிருந்தார்.