செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஏலம் விடாமல் அரசே ஒதுக்குவது ஏன்? இது இன்னொரு 2ஜி ஆகிவிடாதா?

நியாயமான சந்தேகம். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததிலிருந்து, ஏலம் இல்லாமல் அலைக்கற்றை என்றாலே நமக்குச் சுருக்கென்கிறது. இருந்தாலும் பெரும்பாலான செயற்கைக்கோள் சேவைகளுக்கு ஏலம் பொருந்தாது என்பதுதான் என் கருத்து. விசாட் எனப்படும் சிறு செயற்கைக்கோள் டிஷ் பொருத்தும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் மொட்டை மாடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மொபைல் அலைக்கற்றையை ஏலத்தில் எடுப்பது மனை வாங்கி வேலி போடுவது மாதிரி. டவரும் போனும் நாலா பக்கமும் அலையைப் பரப்புகின்றன. அதனால் தமிழ்நாடு வட்டத்தில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்த அலைவரிசையை அதே வட்டத்தில் வேறு யாரும் தொட முடியாது. தனக்கு மட்டும் என்று இருப்பதால்தான் போட்டி போட்டுப் பணம் கட்டுகிறார்கள்.

டிஷ் அப்படி இல்லை. ஏடிஎம் மேலே இருக்கும் 1.2 மீட்டர் டிஷ் 14 ஜிகாஹெர்ட்ஸில் அனுப்பும் கதிர் ஒரு டிகிரியைக் கொஞ்சம் தாண்டிய அகலம்தான். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் இரண்டு, மூன்று டிகிரி இடைவெளி விட்டு நிற்கின்றன. ஆக ஒரே மாடியில் இரண்டு டிஷ், இரண்டு கம்பெனி, ஒரே அலைவரிசை, ஒரே நேரம் என்றாலும் ஒன்று இன்னொன்றைக் கெடுக்காது. திசை வேறு, அவ்வளவுதான்.

ஒரே செயற்கைக்கோளிலும் கிடைமட்டம், செங்குத்து என்று அலையின் அதிர்வுத் திசையைப் பிரித்து ஒரே அலைவரிசையை இரண்டு தடவை பயன்படுத்துகிறார்கள். அதனால் டிஷ்ஷைப் பொருத்தியதும் சிக்னலை அனுப்பிவிட முடியாது. முதலில் ஹப்புக்கு, அதாவது இணைப்புகளைக் கண்காணிக்கும் மைய நிலையத்துக்கு, போன் போட வேண்டும். தகவல் ஏதும் ஏற்றாத வெறும் அலையை (கேரியர்) விடச் சொல்வார்கள். நம் சிக்னல் மற்ற அதிர்வுத் திசையில் எவ்வளவு கசிகிறது என்று அவர்கள் திரையில் பார்ப்பார்கள். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... போதும், போதும், திரும்பவும் ஒரு மயிரிழை வலது பக்கம்" என்று அங்கிருந்து குரல் வரும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, உச்சி வெயிலில் டிஷ் முன்னால் அலையை அனுப்பும் ஃபீடைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 30 டெசிபல் வித்தியாசம், அதாவது கசிவு ஆயிரத்தில் ஒரு பங்கு என்று ஆனால்தான் அனுமதி கிடைக்கும். முகம் தெரியாத யாரோ ஒருவருடைய இணைப்பு நம்மால் கெடக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பாடு. செயற்கைக்கோள் அலைக்கற்றை இந்த ஒழுங்கில்தான் ஓடுகிறது. ஒருவர் மட்டும் வாங்கிப் பூட்டிக்கொண்டால், இத்தனை பேர் பகிரக்கூடிய ஒன்று வீணாகும்.

அப்புறம், விற்பதற்கு இது முழுக்க நம் கையிலும் இல்லை. செயற்கைக்கோளின் கதிர் பல நாடுகள் மேல் விழுகிறது. ஜெனீவாவில் உள்ள சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் நாடுகள் விண்ணப்பித்து, தங்களுக்கு முன்னால் பதிந்தவர்களோடு பேசி முடிக்க வேண்டும். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் மேலே நிலையாக நிற்பவற்றைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்கும் அங்கேதான் விதி இருக்கிறது. தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் தொகுப்புகளுக்கு இடம் பிடித்துவிட்டு ஏவாமல் இருப்பவர்களுக்காக அந்த ஒன்றியத்தின் 2019 மாநாட்டில் கெடு வைத்தார்கள். முதல் ஏழு வருட அவகாசம் முடிந்தபின் இரண்டு வருடத்தில் 10%, ஐந்தில் 50%, ஏழில் முழுத் தொகுப்பும் மேலே போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு சுருங்கும்.

ஏலமே நடந்ததில்லையா என்றால், நடந்திருக்கிறது. 1996-இல் அமெரிக்காவில் எம்சிஐ நிறுவனம் மேற்கு 110 டிகிரி தீர்க்கரேகைக்கு மேலே உள்ள இடத்தில் டிடிஎச் உரிமத்தை 68.25 கோடி டாலருக்கு எடுத்தது. அந்த இடம் சர்வதேசத் திட்டப்படி அமெரிக்காவுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்ததால் அது முடிந்தது. பல நாடுகளுக்குச் சேவை தரும் செயற்கைக்கோள்களுக்கு ஏலம் கூடாது என்று அதே அமெரிக்கா 2000-இல் சட்டம் போட்டது. ஒவ்வொரு நாடும் ஏலம் விட்டால், ஒரு நாட்டில் தோற்றாலும் மொத்தத் திட்டமும் ஆட்டம் காணும் என்ற பயம்.

நம் நாட்டில் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் முதல் அட்டவணை டிடிஎச், டெலிபோர்ட் (டிவி சேனல்களைச் செயற்கைக்கோளுக்கு ஏற்றும் நிலையம்), விசாட் எல்லாவற்றையும் ஏலம் இல்லாத பட்டியலில் வைக்கிறது. இதுவரை சரி. ஆனால் எல், எஸ் பேண்ட் எனப்படும் தாழ்ந்த அலைவரிசைகளில் இயங்கும் மொபைல் செயற்கைக்கோள் சேவையும் அதே பட்டியலில் இருக்கிறது. இங்கேதான் எனக்கு நெருடுகிறது. கையடக்கக் கருவியில் டிஷ் கிடையாது, திசையும் கிடையாது. ஒருவர் பயன்படுத்தினால் அதே பரப்பில் இன்னொருவர் பயன்படுத்துவது கஷ்டம். அதாவது இந்த அலைக்கற்றை மொபைல் மனைக்குத்தான் நெருக்கம். இஸ்ரோவின் வணிக நிறுவனமான ஆன்ட்ரிக்ஸ், தேவாஸ் என்ற தனியார் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்த விவகாரமும் எஸ் பேண்டில்தான் வந்தது. 2005-இல் 70 மெகாஹெர்ட்ஸ், ஏலம் இல்லாமல் ஒப்பந்தம், 2011-இல் ரத்து. ஆகவே உங்கள் 2ஜி பயத்தை, மேலே சொன்ன 14 ஜிகாஹெர்ட்ஸ் (கு பேண்ட்) டிஷ் மேல் காட்டாதீர்கள். எஸ் பேண்ட் யாருக்கு, என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள்.

ஏலம் இல்லை என்றால் இலவசம் என்றும் அர்த்தமில்லை. 2025 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது வருவாயில் 4% கட்டணம். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் இணையத்துக்கு, நகர்ப்புற வாடிக்கையாளர் ஒருவருக்கு வருடம் 500 ரூபாய் கூடுதல். அலைக்கற்றை ஒதுக்கீட்டுக் காலமும் ஐந்து வருடம்தான், தேவைப்பட்டால் மேலும் இரண்டு. அந்த 500 ரூபாய் எனக்குச் சரியாகவே படுகிறது. நகரத்தில் ஏலத்தில் பணம் கட்டிய மொபைல் கம்பெனிகளோடு போட்டி போடுகிறவர்கள் கொஞ்சம் கூடக் கட்டட்டும். ஃபைபர் எட்டாத மலைக் கிராமத்துக்கும், ஆழ்கடலில் இருக்கும் படகுக்கும் அந்தச் சுமை வேண்டாம்.