வாசகர் கேள்வி – பதில்: திருகோணமலையில் களவு கூடிவிட்டதா?

கேள்வி: எங்கள் பக்கம் போன வருடம் 4 வீடுடைப்பு, இந்த வருடம் 8. நூறு வீதம் கூடிவிட்டது என்கிறார்களே? (வாசகர், உப்புவெளி)

கணக்குச் சரி, முடிவுதான் பிழை. ஒரே கோஷ்டி ஒரே இரவில் மூன்று வீட்டு ஓட்டைப் பிரித்தாலே அட்டவணை தலைகீழாகிவிடும். கைக்கணக்கு ஒன்று: எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். அந்த அளவு ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். 4இன் வர்க்கமூலம் 2, இரண்டால் பெருக்கினால் 4. ஆகவே 0 முதல் 8 வரை எது வந்தாலும் பதறத் தேவையில்லை. அதுவே 100 ஆக இருந்தால் ஆட்டம் 20தான்; அது 200 ஆனால் நிச்சயம் ஏதோ நடக்கிறது. சிறிய பகுதிக்கு ஐந்து வருடச் சராசரியோடு ஒப்பிடுவதே நியாயம்.

கேள்வி: களவு எண்ணிக்கையை மாவட்டச் சனத்தொகையால் பிரித்து மற்ற ஊர்களோடு ஒப்பிடலாமா? (வாசகி, கிண்ணியா)

ஒப்பிடலாம், ஆனால் அதிகம் பேர் சறுக்குவதும் இங்கேதான். 2012 கணக்கெடுப்பில் மாவட்டச் சனத்தொகை 379,541. பொலிஸ் கணக்கோ மாவட்டப்படி வருவதில்லை, பொலிஸ் பிரிவுப்படி வருகிறது. கந்தளாய் தனிப் பிரிவு. திருகோணமலைப் பிரிவின் எண்ணை எடுத்து முழு மாவட்டச் சனத்தொகையால் வகுத்தால், ஊர் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்! இரண்டு பிரிவையும் கூட்டிவிட்டு வகுங்கள்.

இன்னொன்று, நிலாவெளிக் கடற்கரையின் சுற்றுலா சீசன். கடற்கரையில் பை தொலைத்த வெளியூர்க்காரரின் முறைப்பாடும் இங்கேதான் பதிவாகும். அவர் நம் சனத்தொகையில் இல்லை. ஆகவே மே மாதத்தை ஏப்ரலோடு ஒப்பிடாமல், போன வருட மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கடலில் டைனமைட் வைப்பது, தடைசெய்த வலை போடுவது போன்றவற்றில் கடற்படை பிடித்து மீன்பிடித் திணைக்களத்திடம் ஒப்படைப்பவற்றை பொலிஸ் அட்டவணையில் தேடிப் பயனில்லை.

கேள்வி: ஐஸ், ஹெரோயின் கைதுகள் எகிறிவிட்டனவே?

கைது எண் பாவனையைக் காட்டுவதைவிட, பொலிசார் எவ்வளவு தேடினார்கள் என்பதையே காட்டும். 2023 டிசம்பர் 17 அன்று ‘யுக்திய’ என்ற பொலிசாரின் போதைப்பொருள் தேடுதல் நடவடிக்கை தொடங்கியது. அதற்கு முந்திய மாதங்களையும் பிந்திய மாதங்களையும் பக்கத்தில் வைத்து ‘போதை பெருகியது’ என்று எழுதுவது அவசரம்.

கேள்வி: சைக்கிள் களவு போனது. இதற்கெல்லாம் முறைப்பாடா? (வாசகர், பாலையூற்று)

கட்டாயம். திருட்டுக்குப் பெறுமதி எல்லை உண்டு. எல்லைக்குக் கீழே போனால் பொலிஸ் அட்டவணையின் ‘பாரதூரமான குற்றங்கள்’ என்ற வகையில் சேராது. சைக்கிளும் மாடும் விதிவிலக்கு, பெறுமதி பார்க்காமல் சேர்ப்பார்கள். நீங்கள் போகாவிட்டால் அந்தக் களவு நடக்கவே இல்லை என்றுதான் கணக்கு.

போகும்போது அடையாள அட்டை, வாங்கிய பற்றுச்சீட்டு, பெடல் அச்சுக்குக் கீழே சைக்கிள் சட்டகத்தில் குத்தியிருக்கும் இலக்கம், ஒரு படம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். இலக்கத்தை எழுதி வைக்காதவர்தான் அதிகம். வண்டி கிடைத்தாலும் உங்களுடையது என்று நிறுவ முடியாமல் நிற்பது அதனால்தான். தமிழிலேயே சொல்லுங்கள், தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டுவிட்டே ஒப்பமிடுங்கள். தெரியாத மொழியில் எழுதியதற்கு ஒப்பம் வேண்டாம். முறைப்பாட்டை எழுதிய பொலிஸ் புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கம், திகதி நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் பிறகு பிரதி கேட்டுப் போனால் அலைச்சல்தான்.

கேள்வி: எங்கள் பொலிஸ் நிலையத்து எண்ணிக்கையை எப்படிப் பெறுவது?

2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிசின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முடிவைச் சொல்ல அவருக்கு 14 வேலை நாள். ‘குற்ற விபரம் தருக’ என்று எழுதினால் எதுவும் வராது. ‘2020 முதல் 2024 வரை, மாதவாரியாக, வீடுடைத்துத் திருடிய முறைப்பாடுகள் எத்தனை, அவற்றில் பொய்யென நீக்கியவை எத்தனை, வழக்குத் தாக்கலானவை எத்தனை’ என்று பிரித்துக் கேளுங்கள்.