எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல ‘மூளை சுருக்கம்’னு போட்டிருக்கு, அப்போ அம்மாவுக்கு டிமென்ஷியாவா?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 69 வயசு, ரிட்டயர்டு டீச்சர். பிபியும் சுகரும் 15 வருஷமா இருக்கு, மாத்திரை சாப்பிடறாங்க. ஒரு வருஷமா மறதி ஜாஸ்தியாயிருக்கு. பத்து நிமிஷத்துல ஒரே கேள்விய மூணு தடவ கேக்கறாங்க. போன மாசம் ஏடிஎம் முன்னாடி கார்டை கையில வச்சுக்கிட்டு அடுத்து என்ன பண்ணணும்னு தெரியாம நின்னுட்டாங்க. எம்ஆர்ஐ எடுத்தோம், ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம், சிறு ரத்தநாள மாற்றங்கள், ஃபசேகாஸ் கிரேடு 1’னு ரிப்போர்ட் வந்திருக்கு. நாங்க பாக்கறதுக்குள்ள அம்மாவே அதை படிச்சுட்டாங்க, ரெண்டு நாளா யார்கிட்டயும் சரியா பேசல. அண்ணன் உடனே பெட் ஸ்கேன் எடுத்துடலாம்ங்கறார். எடுக்கணுமா? இது அல்சைமர்தானா?

பதில்: வணக்கம்மா. முதல்ல ரிப்போர்ட்ல இருக்கிற அந்த ரெண்டு வரிய பாத்துடலாம், ஏன்னா அம்மாவ பயமுறுத்தினது அதுதான். ‘வயதுக்கேற்ற சுருக்கம்’னா 69 வயசு மூளை எப்படி இருக்குமோ அப்படி இருக்குன்னுதான் அர்த்தம். முடி நரைக்கற மாதிரி மூளையும் வயசாக ஆக கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும், மறதியே இல்லாத 70 வயசுக்காரர எம்ஆர்ஐ எடுத்தாலும் இதே வரி வரும். ஃபசேகாஸ்ங்கறது மூளையோட உள்பகுதியில சின்ன ரத்தக்குழாய் பாதிப்பால தெரியற வெள்ளைப் புள்ளிகளுக்கு 0லேர்ந்து 3 வரைக்கும் போடற மார்க். 1ன்னா அங்கங்க சில புள்ளிங்க, அவ்வளவுதான். 15 வருஷம் பிபி, சுகர் இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப சாதாரணம். இதை மட்டும் வச்சு ஏடிஎம் முன்னாடி திகைச்சு நின்னதுக்கு காரணம் சொல்லிட முடியாது.

ஆனா ‘வயதுக்கேற்ற’ன்னு போட்டாச்சு, அப்போ பிரச்சனை ஒண்ணும் இல்லன்னும் விட்டுடாதீங்க. எம்ஆர்ஐ காட்டறது மூளையோட வடிவத்த. அந்த மூளை எப்படி வேலை செய்யுதுங்கறது நீங்க எழுதின அந்த ரெண்டு மூணு வரியிலதான் தெரியுது. கண்ணாடிய எங்க வச்சேன்னு தேடறது எல்லாருக்கும் நடக்கும், கேட்டதையே பத்து நிமிஷத்துக்குள்ள மறுபடி கேக்கறதும் வருஷக்கணக்கா பண்ணிக்கிட்டிருந்த வேலையோட வரிசை திடீர்னு விட்டுப்போறதும் அந்த ரகம் கிடையாது. அதனால அம்மாவ கண்டிப்பா முழுசா பாக்கணும்.

அப்புறம் எதுக்கு ஸ்கேன்னு கேப்பீங்க. மறதின்னு வர்றவங்களுக்கு நாங்க ஸ்கேன் எடுக்கிற முதல் காரணமே, சரிபண்ணக்கூடிய வேற ஏதாவது உள்ள ஒளிஞ்சிருக்கான்னு பாக்கத்தான். கட்டி, நீர் கோத்துக்கறது, தெரியாமலே வந்துபோன ஸ்ட்ரோக், தலையில அடிபட்டு மெதுவா கசிஞ்சு தேங்கின ரத்தம். எங்கிட்ட ஒருத்தர கூட்டிட்டு வந்தாங்க, வயசு எழுபதுக்கு மேல, ஆறு வாரமா மந்தமா இருக்கார், பேரப் பிள்ளைங்க பேர மாத்தி சொல்றார், டிமென்ஷியா வந்துடுச்சுன்னு வீட்ல முடிவே பண்ணிட்டாங்க. எப்பவாவது விழுந்தாரான்னு கேட்டா இல்லவே இல்லன்னாங்க, அப்புறம் மருமகதான் யோசிச்சு ரெண்டு மாசம் முன்னாடி பாத்ரூம் கதவுல நல்லா இடிச்சுக்கிட்டாருன்னு சொன்னாங்க. சிடி ஸ்கேன் எடுத்தா மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல பிறை மாதிரி ரத்தம் தேங்கி மூளைய ஒரு பக்கமா தள்ளிட்டு இருக்கு. சின்னதா துளை போட்டு அதை எடுத்தாங்க, அடுத்த தடவ வந்தப்போ அவரே தன் மாத்திரை லிஸ்ட்ட ஒவ்வொண்ணா எனக்கு சொன்னார். அந்த மாதிரி எதுவும் உங்க அம்மாவுக்கு இல்லன்னு இந்த எம்ஆர்ஐ சொல்லிடுச்சு, அதுவே பெரிய நிம்மதி, வீட்ல யாரும் அந்த பக்கத்த கவனிச்சிருக்க மாட்டீங்க.

மூளைக்குள்ள நீர் கோத்துக்கற வியாதியும் அப்படித்தான். அதுல மறதியோட கூட, கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி சின்னச் சின்ன அடியா வச்சு நடப்பாங்க, யூரின் அடக்க முடியாம போகும். 1965லேயே இதைப் பத்தி எழுதிட்டாங்க, சரியான ஆளுக்கு அந்த நீர வடிச்சு விடற ஷன்ட் ட்யூப் வச்சா முக்கியமா நடை நல்லா தேறும். அம்மா நடை எப்படி இருக்குன்னு நீங்க எழுதல, கவனிச்சுப் பாருங்க.

ரெண்டாவது காரணம், எந்த வகை மறதி நோய்ங்கறதுக்கு துப்பு கிடைக்குமான்னு பாக்கறது. காது மட்டத்துக்கு உள்பக்கமா ரெண்டு சைடும் ஹிப்போகேம்பஸ்னு ஒரு பகுதி இருக்கு, கடல்குதிரை மாதிரி வளைஞ்சு இருக்கறதால அந்தப் பேரு. புதுசா நடக்கிற விஷயம் மனசுல பதியறது அது மூலமாத்தான். டிமென்ஷியாவுலயே அதிகமா வர்ற வகையான அல்சைமர்ல பெரும்பாலும் முதல்ல அடிவாங்கறது அந்த ஏரியாதான், அதனாலதான் 40 வருஷத்துக்கு முன்னாடி நடந்தது பளிச்சுன்னு நினைவு இருக்கும், காலைல பேசினது இருக்காது. முகத்துக்கு நேரா நின்னு மூளைய ஸ்லைஸ் போட்ட மாதிரி ஒரு படம் எம்ஆர்ஐல இருக்கும், அதுல ஹிப்போகேம்பஸ் எவ்வளவு இளைச்சிருக்கு, அதைச் சுத்தி நீர் இருக்கிற இடம் எவ்வளவு விரிஞ்சிருக்குன்னு பாத்து 0லேர்ந்து 4 வரைக்கும் மார்க் போடலாம். 75 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு 2 இல்ல அதுக்கு மேல வந்தா சந்தேகப்படணும். உங்க ரிப்போர்ட்ல இந்த மார்க்கே இல்லன்னு நினைக்கிறேன், பல ரிப்போர்ட்ல பொதுவா ‘சுருக்கம்’னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. அதனால நியூராலஜிஸ்ட்கிட்ட போகும்போது அந்த ரெண்டு பக்க பேப்பர மட்டும் எடுத்துட்டு போகாதீங்க, முழு ஸ்கேன் படமும் இருக்கிற சிடி டிஸ்க்க கொண்டு போய் ‘ஹிப்போகேம்பஸ் எப்படி இருக்கு, மைக்ரோ ரத்தக்கசிவு, அதாவது புள்ளி மாதிரி சின்ன ரத்தக்கசிவு ஏதாவது தெரியுதா’ன்னு நேரடியாவே கேளுங்க.

இப்போ அண்ணன் கேட்ட பெட் ஸ்கேன். அதுலயே ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. ஒண்ணு எஃப்டிஜி பெட், கதிரியக்கம் சேத்த குளுக்கோஸ ஊசியில போட்டு மூளை எந்த இடத்துல அதை நல்லா எரிக்குது எந்த இடத்துல எரிக்கலன்னு பாக்கறது. உடம்பு எடையில மூளை 2 சதவீதம்தான், ஆனா உடம்போட சக்தியில கிட்டத்தட்ட 20 சதவீதத்த அதுவே தின்னுடும், அதனால ஒரு பகுதி சோர்ந்து போனா படத்துல மங்கலா தெரிஞ்சுடும். பின்பக்கமும் பக்கவாட்டுலயும் மங்கினா அல்சைமர் பக்கம் யோசிப்போம், முன்பக்கம் மங்கினா நடத்தையும் பேச்சும் மாறற வேற ஒரு வகை. அம்மாவுக்கு சுகர் இருக்கறதால ஒண்ணு சொல்லிடறேன், அன்னைக்கு சுகர் ரொம்ப எகிறி இருந்தா இந்த படம் சரியாவே வராது.

இன்னொண்ணு அமிலாய்டு பெட். அல்சைமர்ல மூளையில படியற அமிலாய்டுங்கற புரதத்தையே நேரா காட்டற ஸ்கேன். உயிரோட இருக்கிற மனுஷங்க மூளையில இதை பாத்த முதல் ஆய்வு 2004ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி இதை உறுதியா சொல்லணும்னா பெரும்பாலும் இறந்தப்புறம் மூளைய வெட்டிப் பாக்கணும். அருமையான கருவி, சந்தேகமே இல்ல. ஆனா அமிலாய்டு படிய ஆரம்பிக்கறது மறதி வர்றதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே. நல்லா தெளிவா இருக்கிற வயசானவங்கள்லயே நிறைய பேருக்கு ஸ்கேன் பாசிட்டிவ்னு வரும், வயசு ஏற ஏற இன்னும் அதிகம். அமெரிக்காவுல கன்னியாஸ்திரிகள வச்சு பண்ணின ஒரு பெரிய ஆய்வுல சிஸ்டர் மேரின்னு ஒருத்தங்க, 101 வயசுல இறந்தாங்க, கடைசி வரைக்கும் ஞாபக டெஸ்ட்ல நல்ல மார்க், மூளைய பாத்தா அல்சைமர் அடையாளங்க அப்பிக் கிடந்துச்சு. நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவங்கள பத்தி சொல்லுவேன். ஸ்கேன் பாசிட்டிவ்னா இவங்க மறதிக்கு காரணம் அதுவேதான்னு உடனே முடிவு கட்டிட முடியாது. நெகட்டிவ்னு வந்தாதான் இந்த ஸ்கேன் ரொம்ப உறுதியா பேசும், அல்சைமர் இருக்க வாய்ப்பு குறைவு, வேற காரணத்த தேடுங்கன்னு.

அதனால என் அபிப்பிராயம், பெட் இப்போ வேண்டாம். வேண்டவே வேண்டாம்னு சொல்லல, வரிசையில அது பின்னாடி வரட்டும். முதல்ல ரத்தத்துல பி12, தைராய்டு, சோடியம் பாருங்க, சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறாங்கன்னா பி12 குறைய வாய்ப்பு இருக்கு. தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, யூரின் அடக்கறதுக்கான மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா, அதுலயும் மறதி வரும். சுகர் ரொம்ப கீழ இறங்குதான்னு பாருங்க. காது நல்லா கேக்குதா, ராத்திரி குறட்டை விட்டு மூச்சு தடைபடுதா, ரிட்டயர் ஆனப்புறம் மனசு ஒடுங்கிப் போயிருக்காங்களா, எல்லாத்தையும் கேக்கணும், மனச்சோர்வு அப்படியே டிமென்ஷியா மாதிரியே வேஷம் போடும். கூடவே 30 மார்க்குக்கு ஒரு ஞாபகப் பரிசோதனை, அதுல வர்ற மார்க்க அவங்க படிப்போட சேத்துப் பாக்கணும். டீச்சரா இருந்தவங்க 26 வாங்கினா நான் நிம்மதியாயிட மாட்டேன்.

இதெல்லாம் பாத்தும் அல்சைமர்தானான்னு சந்தேகம் நின்னுச்சுன்னா, அப்போ அமிலாய்டு பெட்டோ, முதுகுத்தண்டு நீர் டெஸ்ட்டோ, அல்சைமர்ல ரத்தத்துல ஏறற டாவ்ங்கற புரதத்த அளக்கற, இப்போ புதுசா வந்திருக்கிற பி-டாவ் 217 ரத்த டெஸ்ட்டோ எடுக்கலாம், அப்போ அதோட பதில் சிகிச்சைய மாத்தும். லெக்கானெமாப் மாதிரி அமிலாய்ட நீக்கற மருந்து ஆரம்ப கட்டத்துல இருக்கிறவங்களுக்குத்தான், அதுக்கு அமிலாய்டு இருக்குங்கற ஆதாரம் கட்டாயம். 18 மாச ஆய்வுல அது நோயோட வேகத்த சுமார் 27 சதவீதம் குறைச்சுது, போன ஞாபகத்த திருப்பித் தரல. மூளையில வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம்ங்கறதால நடுநடுவுல எம்ஆர்ஐ எடுத்துக்கிட்டே இருக்கணும், ஏற்கனவே மைக்ரோ கசிவு நாலுக்கு மேல இருந்தா பொதுவா குடுக்க மாட்டாங்க. அதனாலதான் மேல அந்த கேள்விய கேக்க சொன்னேன்.

இந்த எம்ஆர்ஐய பத்திரமா வைங்க. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி எடுக்க வேண்டி வந்தா பக்கத்துல வச்சு ஒப்பிடலாம். சாதாரணமா ஹிப்போகேம்பஸ் வருஷத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை சதவீதம் இளைக்கும், அல்சைமர்ல நாலஞ்சு சதவீதம் கூட போகும். ஒத்தப் படத்துல தெரியாதது ரெண்டு படத்துல தெரிஞ்சுடும்.

அம்மாகிட்ட இன்னைக்கே பேசுங்கம்மா, நாளைக்குன்னு தள்ளாதீங்க. அவங்க வாயால கேக்காட்டியும் ரெண்டு நாளா மனசுக்குள்ள அந்த வரியத்தான் படிச்சுக்கிட்டு இருப்பாங்க. ரிப்போர்ட்ட அவங்க கையிலயே குடுத்து பக்கத்துல உக்காந்து, ‘வயதுக்கேற்ற’ங்கற வார்த்தைய காட்டுங்க, கட்டியோ ஸ்ட்ரோக்கோ இல்லன்னு சொல்லுங்க, மறதிக்கு காரணம் என்னன்னு இன்னும் தெரியல, சேந்து கண்டுபிடிக்கப் போறோம்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் குடுத்து எப்பப்ப தடுமாறுது, அன்னைக்கு சுகர் எவ்வளவு, ராத்திரி தூக்கம் எப்படின்னு அவங்களையே தேதி போட்டு எழுதச் சொல்லுங்க, எழுத மறந்த நாள நீங்க நிரப்புங்க. டாக்டர பாக்கப் போறப்போ அந்த சிடி டிஸ்க்கோட இந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க, நான் அந்த டாக்டரா இருந்தா நோட்டத்தான் முதல்ல பிரிப்பேன்.